முகத்துக்குக் கட்டம் போட்டவள்

கோபம் வந்தால் அவளுக்கு மரியாதை கூடிவிடும். மற்ற நாளில் என்னை ‘வாடி’, ‘போடி’, ‘எருமை’ என்று வாய்க்கு வந்தபடி பேசுகிறவள், ‘வாங்க, உக்காருங்க’ என்று சொல்லிவிட்டாளென்றால் நான் ஏதோ செய்யக்கூடாததைச் செய்திருக்கிறேன் என்று அர்த்தம். அவள் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. குரல் இறங்கும், ‘ங்க’ ஏறும். எங்கள் சேனலில் கேமராக்காரரிலிருந்து டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோரும் அந்த ‘ங்க’வுக்குப் பயந்தோம்.

போன வாரம் என் மகள் செல்போனில் தன்னைப் படம் எடுத்துக்கொண்டாள். அவள் அப்பா நிறம், நல்ல கருப்பு. எடுத்த மாத்திரத்தில் அந்தப் போன் அவளைக் கேட்காமல் கொள்ளாமல் வெளுத்துக் காட்டியது. பதினாறு வயதுப் பெண், அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். எனக்கு அந்த ‘ங்க’க்காரியின் ஞாபகம் வந்துவிட்டது. பெயரை எழுத மாட்டேன். நிகழ்ச்சி முடிவில் ஓடுகிற பெயர்களில்கூடத் தன் பெயரைப் போடவிடாதவள் அவள்.

அது இரண்டாயிரத்து நாலு, அஞ்சு வாக்கில். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் எங்கள் லோக்கல் கேபிள் சேனல் இருந்தது. பிறந்தநாள் வாழ்த்து, ஜவுளிக்கடை விளம்பரம், நேயர் விருப்பப் பாட்டு, சாயங்காலம் கால் மணி நேரம் உள்ளூர்ச் செய்தி. செய்தி வாசிப்பது நான். அவள் கன்ட்ரோல் ரூமில் இருப்பாள். எந்தக் கேமராப் படம் போக வேண்டும், எப்போது மாற்ற வேண்டும், எதன்மேல் எழுத்து வர வேண்டும், எல்லாம் அவள் விரலில் இருந்தது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவள். அரியலூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். அவள் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார்.

என்னைச் செய்தி வாசிக்க எடுத்ததற்கு என் உச்சரிப்புதான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வடையைத் தின்றுகொண்டே சொன்னாள்.

“உன் ழகரத்துக்காவாடி எடுத்தாங்க? உன் கலருக்கு ரெண்டு லைட்டு போதும். என்னைய உக்கார வச்சா நாலு லைட்டு போடணும்னு மொதலாளி சொன்னாரு. எங்கிட்டயே சொன்னாரு.”

“நீ என்னா சொன்ன?”

“ரொம்ப நன்றிங்கன்னேன்.”

ஒரு தடவை பதினோரு மணி வரை அவள் வேலைக்கு வரவில்லை. பத்து மணிக்குப் பாட்டு நிகழ்ச்சி, ஆள் இல்லாமல் பழைய டேப்பை ஓட்டிச் சமாளித்தார்கள். வேர்த்து விறுவிறுத்து வந்தாள். விசாரித்தால், அரியலூர் பஸ்ஸில் ஒரு கருவாட்டுக்காரம்மாவைக் கண்டக்டர் நாத்தம் என்று சொல்லி நடுவழியில் இறங்கச் சொல்லியிருக்கிறார். கூடையோடு அந்தம்மா எழுந்துவிட்டது. இவளும் எழுந்திருக்கிறாள்.

“நீ ஏம்மா எறங்குற?” என்று கண்டக்டர் கேட்டிருக்கிறார்.

“எங்க வூட்லயும் கருவாட்டுக் கொழம்புதாங்க. நானும் நாறுவேங்க. நீங்க போயிட்டு வாங்க.”

இறங்கி, அந்தம்மாவோடு பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் ரோட்டோரத்தில் நின்று, அடுத்த பஸ்ஸில் கூடையை இவளே தூக்கி ஏற்றிவிட்டு வந்திருக்கிறாள். சம்பளம் பிடித்தார்கள். அதற்கும் நன்றிங்க என்றாள். நான் அவளைத் திட்டினேன், ஊரில் இருக்கிற எல்லோருக்கும் நீதான் வக்கீலா என்று. “வக்கீல்லாம் இல்லடி. எனக்கு அந்த எடத்துல உக்காந்திருக்க முடியல, அவ்வளவுதான்” என்றாள். அவளைப் பற்றிச் சொல்ல இதைவிட என்னிடம் வேறு வார்த்தை இல்லை. யாரையாவது ‘நீ தள்ளி நில்லு’ என்று சொல்கிற இடத்தில் அவளால் உட்கார்ந்திருக்க முடியாது.

கல்யாண கேசட் எடிட்டிங்குக்கு வரும். பந்தியைக் காட்டும்போது பரிமாறுகிறவர்களின் தலை வெட்டுப்பட்டு வெறும் கை மட்டும் தெரிந்தால் கேமராக்காரரைக் கூப்பிடுவாள். “அண்ணே, இந்த வாளி தானா நடந்து வருதுங்களா?” என்பாள். அவர் அடுத்த கல்யாணத்திலிருந்து தலையோடு எடுக்கக் கற்றுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் முதலாளியின் மச்சினர் பெங்களூரிலிருந்து ஒரு சிடியைக் கொண்டுவந்தார். புதுவிதமான சாஃப்ட்வேர். கேமரா காட்டுகிற படத்தில் மனித முகம் எங்கே இருக்கிறது என்று அது தானாகவே கண்டுபிடிக்கும். கண்டுபிடித்தால் முகத்தைச் சுற்றிப் பச்சையாக ஒரு கட்டம் விழும். ஆள் அசைந்தால் கட்டமும் கூடவே அசையும். அந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டு படத்தில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். தலையில் கிரீடம், கண்ணுக்குக் கூலிங்கிளாஸ், மூக்குக்குக் கீழே மீசை. எல்லாம் அந்த நிமிடமே, நேரலையில். எங்கள் ஊரில் அதற்குமுன் அப்படியொன்றை யாரும் பார்த்ததில்லை. முதலாளி தன் தலையில் கிரீடம் வைத்துப் பார்த்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குக் கிரீடமும் மீசையும் பிடிக்கவில்லை. “மாரியம்மன் திருவிழா போட்டோ ஸ்டுடியோ மாதிரி இருக்குது” என்றாள். ஆனால் அந்த சாஃப்ட்வேரை அவளால் விட முடியவில்லை. அதன் இங்கிலீஷ் விளக்கத்தை அகராதி வைத்துப் படித்தாள். எங்கள் பக்கம் கரிசல் மண், பருத்தி பூமி. யார் காட்டிலிருந்தோ வெடிக்கிற பருவத்துக் காய்களைப் பறித்துவந்து விளக்கடியில் வைத்து, அவை ஒவ்வொன்றாக வாய் திறப்பதைப் பல நாள் கேமராவில் பிடித்தாள். பிறகு ஒருநாள் என்னைக் கேமராவின் முன்னால் உட்காரவைத்து, “மெதுவா தலையத் திருப்புடி” என்றாள்.

டிவியில் என் முகம் ஈரமான தூரிகையால் தீட்டியதுபோல ஆகியிருந்தது. தலையைத் திருப்பத் திருப்ப, சுற்றிலும் பருத்திக்காய்கள் வெடித்து மலர்ந்தன. நான் எந்தப் பக்கம் திரும்புகிறேனோ அந்தப் பக்கம் பஞ்சு மிதந்து போனது. சிரித்தால் இன்னும் நாலு காய் வெடித்தது. அவள் பின்னாலிருந்து, “எப்புடி?” என்றாள். அந்த ஒரு தடவைதான் அவள் குரலில் கர்வத்தைக் கேட்டேன்.

பொங்கலுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் நேரலை வைத்தார்கள். பிள்ளைகள் மேடைக்கு வந்து நிற்க வேண்டும், பின்னால் பெரிய திரையில் அவர்கள் முகத்தைச் சுற்றிப் பருத்தி மலரும், அதே படம் ஊரெங்கும் டிவியில் போகும். வீட்டுக்காரர்கள் எல்லாம் பிள்ளைகளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிக் கூட்டிவந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் துணி மறைப்புக்குள் அவள் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் நான். மேடையில் எங்கள் தொகுப்பாளன், சினிமாக்காரர்கள் மாதிரியே பேசிப் பழகிய ஒரு பையன். முதல் அரை மணி நேரம் கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது.

பிறகு வெங்காயக் களத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் கொஞ்சம் பேர் வந்தார்கள். பக்கத்துக் கிராமத்துக் காலனிப் பிள்ளைகள், வாத்தியார் ஒருவர் கூட்டிவந்திருந்தார். முதலில் ஏறியது ஏழெட்டு வயதுச் சிறுமி. எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை, மினுமினுவென்று கருத்த முகம். மேடை நடுவில் நின்றாள். திரையில் அவள் அப்படியே தெரிந்தாள். கட்டம் விழவில்லை. பஞ்சும் இல்லை, காயும் இல்லை.

சிறுமி திரும்பித் திரையைப் பார்த்தாள். மறுபடி கேமராவைப் பார்த்தாள். நாங்கள் உள்ளே பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்தோம். தொகுப்பாளன் வேறொரு பையனை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினான், மளிகைக்கடைக்காரர் மகன். அவனைச் சுற்றி உடனே பருத்தி வெடித்தது. அவனை நகர்த்திவிட்டுச் சிறுமியை நிறுத்தினால் ஒன்றுமில்லை.

“பாப்பா, மெஷினுக்கு உன்னையத் தெரியலயாம்” என்று அவன் மைக்கில் சொன்னான். “போயி பவுடர் போட்டுட்டு வரியா?”

மண்டபம் சிரித்தது. முன்வரிசையில் ஒரு அம்மா தன் பையிலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து நீட்டினாள், நல்ல மனசோடுதான் நீட்டினாள் என்று நினைக்கிறேன். அவன் அதை வாங்கிக் கையில் கொட்டி அந்தக் குழந்தையின் நெற்றியிலும் கன்னத்திலும் அப்பினான். பச்சைக் கட்டம் விழுந்தது. பருத்தி மலர்ந்தது. அத்தனை பேரும் கைதட்டினார்கள். அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. கண்ணில் விழுந்த பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தது. துடைத்த இடத்தில் கட்டம் ஆடியது.

பக்கத்தில் அவள் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மேடைக்குப் போகிற மைக்கை எடுத்தாள்.

“தம்பி, கீழ எறங்கி வந்துடுங்க” என்றாள்.

பிறகு நேரலையை நிறுத்தினாள். பெரம்பலூரில் அன்றைக்கு எங்கள் சேனலைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை டிவியிலும் வெறும் கலர்ப் பட்டைகள் நின்றன. முதலாளி போனில் என்னாச்சு என்று கேட்டார். “கேமராவுல அழுக்குங்க. தொடைச்சுட்டுப் போடுறேங்க” என்று சொல்லி வைத்துவிட்டு எழுந்து போனாள். அந்தச் சிறுமியைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் முகம் கழுவிவிட்டு, தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள். என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் முதலாளி அவளைக் கூப்பிட்டுச் சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுகிற ஆளில்லை.

“ஏம்மா, மெஷினு என்னா வஞ்சனையா பண்ணுது? அதுக்கு என்னா தெரியும்?”

“மெஷினுக்கு எந்த மூஞ்சியெல்லாம் காட்டிப் பழக்குனாங்களோ அதுதாங்க தெரியும். எங்க மூஞ்சியக் காட்டலீங்க.”

“அதான் பவுடர் போட்டா தெரியுதுல்ல” என்றார். அடுத்த நிகழ்ச்சியிலிருந்து மேடையோரம் ஒரு ஸ்டூலில் பவுடர் டப்பாவும் கண்ணாடியும் வைத்தார்கள். ‘மேக்கப் ரூம்’ என்று அதற்குப் பெயர் வைத்தான் தொகுப்பாளன். எனக்கு அந்த ஸ்டூலை எட்டி உதைக்க வேண்டும்போல இருக்கும். உதைக்கவில்லை. அவள் உதைப்பாள் என்று எதிர்பார்த்தேன், அவளும் உதைக்கவில்லை. அவள் வேறொன்று செய்தாள்.

அந்த சாஃப்ட்வேருக்குப் புதிய முகங்களைக் கற்றுக்கொடுக்கலாம் என்று விளக்கத்தில் இருந்தது. நிறையப் படங்கள் வேண்டும். ஒவ்வொரு படத்திலும் முகம் இருக்கிற இடத்தில் நாமே மௌஸால் கட்டம் போட்டுக் காட்ட வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் இரண்டு மூன்று நாள் நிற்காமல் ஓடிப் படித்துக்கொள்ளும். “உன் நேரத்துல என்னா வேணா பண்ணிக்க” என்றார் முதலாளி. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவளும் ஒரு சின்னக் கேமராவோடு பஸ் ஏறினோம்.

திருமானூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்கள், வெங்காயக் களம், முந்திரிக்காடு, செங்கல் சூளை. எல்லா இடத்திலும் அவள் முதலில் விஷயத்தைச் சொல்லுவாள், பிறகுதான் கேமராவை எடுப்பாள். “டிவி மெஷினுக்கு நம்ம மூஞ்சி தெரிய மாட்டேங்குதும்மா. அதுக்குக் காட்டிப் பழக்கணும். வேற எதுக்கும் இதை எடுக்க மாட்டேன்.” லப்பைக்குடிக்காட்டில் ஒரு அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டு, “படம் மட்டும் வேணாம்மா, எங்க வூட்டுக்காரரு சவுதியில இருக்காரு, கேக்காம எடுத்தா மனசு சங்கடப்படுவாரு” என்றது. “வேணாம்னா வேணாம்மா” என்று இவள் டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டாள். இன்னொரு இடத்தில் ஒரு கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்தப் படம் எங்க போவும் ஆயா?” என்று கேட்டது. “எங்கயும் போவாது. எங்கிட்டதான் இருக்கும்” என்றாள். அந்த வார்த்தையை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

ஆலத்தியூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் டீக்கடைக்கு வந்தார்கள். தலை, புருவம், கன்னம் எல்லாம் சாம்பல் வெளுப்பு. எடுத்தோம். அதில் ஒருவர், “இருங்க, மூஞ்சியக் கழுவிட்டு வந்துடுறேன், படத்துல நல்லா வரணும்ல” என்று தொட்டித் தண்ணீரில் கழுவிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்து நின்றார். அதையும் எடுத்தோம். ஆபீசுக்கு வந்து டேப்பைப் போட்டுப் பார்த்தால், தூசி படிந்த அத்தனை முகத்தையும் மெஷின் கண்டுபிடித்தது. முகம் கழுவிவிட்டு வந்த அந்த மனிதரை மட்டும் விட்டுவிட்டது. அவர் அங்கே பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறார், கட்டம் அவர் முதுகுக்குப் பின்னால் யாருடைய தூசி முகத்திலோ போய் உட்கார்ந்திருக்கிறது.

அவள் டேப்பைப் பின்னால் ஓட்டினாள். அந்த மனிதரின் படத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, முகத்தைச் சுற்றித் தன் கையால் கட்டம் போட்டாள்.

மாதக்கணக்கில் அந்த வேலை ஓடியது. கட்டம் போட்டுப் போட்டு அவள் மணிக்கட்டு வீங்கி, மஞ்சள் பத்து போட்டுக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விடும். யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கூவிவிட்டு அடங்கும். மறுபடி முதலிலிருந்து. அப்போதெல்லாம் அவள் மின்வாரியத்துக்குப் போன் போட்டு, “ரொம்ப சந்தோசமுங்க” என்று சொல்லி வைப்பாள். யார் பேசியது என்று அங்கே யாருக்கும் புரிந்திருக்காது.

மெஷின் ஒருவழியாகப் படித்து முடித்த பிறகு, திருமானூரில் ஒரு கோயில் திருவிழாவுக்குத் திரை கட்டினார்கள். கரும்பு வெட்டுகிறவர்களின் பிள்ளைகள், வெயிலில் கருத்த கிழவர்கள், யார் வந்து நின்றாலும் கட்டம் விழுந்தது. கருப்பு முகங்களைச் சுற்றி வெள்ளைப் பருத்தி வெடித்ததைப்போல அழகான ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்தப் படமே அவர்களுக்காகத்தான் வரைந்தது போலிருந்தது. ஒரு கிழவர் மேடையை விட்டு இறங்க மாட்டேன் என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பஞ்சைப் பறக்கவிட்டுக்கொண்டே நின்றார். மறைப்புக்குள் அவள் ஒரு பொட்டலம் காராச்சேவைத் தனியாகத் தின்று தீர்த்தாள். தொகுப்பாளனைப் பார்த்து, “டேய், அந்த ஸ்டூலைக் கொண்டுபோயி வேன்ல போடுடா” என்றாள். அவனுக்கு ஒரே சந்தோஷம், அக்கா தன்னை ‘டா’ போட்டுப் பேசிவிட்டதென்று.

அதோடு நின்றிருந்தால் இதை நான் இவ்வளவு எரிச்சலோடு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் திருச்சியிலிருந்து ஒருவர் வந்தார். முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் ஒன்றுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுக்கிற ஆள். திருமானூர் நிகழ்ச்சியை யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். முதலாளி அவளையும் என்னையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். யோசனை இதுதான்: ஊர் ஊராக மேடை போடுவது, வருகிறவர்களை நிறுத்துவது, திரையில் பாதி முகம் இருக்கிறபடி இருக்கும், மீதிப் பாதி கொஞ்சம் கொஞ்சமாக வெளுக்கும், ‘நாலு வாரத்தில் நீங்கள்’ என்று எழுத்து வரும், கையில் ஒரு கிரீம் டப்பா கொடுத்து அனுப்புவது.

“முன்னாடி இது நடக்காது சார்” என்று முதலாளி அந்த ஆளிடம் பெருமையாகச் சொன்னார். “கருப்பா இருக்கவங்க மூஞ்சியே இதுக்குத் தெரியாது. நம்ம பொண்ணுதான் ஒண்டியா உக்காந்து பழக்குச்சு. இப்ப ஒரு மூஞ்சி தப்பாது.”

அவர் அவளைப் பாராட்டினார். மனசாரப் பாராட்டினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அவள் எழுந்து நின்றாள். “நல்லா யோசிச்சிருக்கீங்க” என்றாள். “வாங்க, மெஷினைக் காட்டுறேங்க.”

கன்ட்ரோல் ரூமுக்குள் நாங்கள் நால்வரும் போனோம். அந்த ஆளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கம்ப்யூட்டரில் படங்கள் இருந்த பெட்டியைத் திறந்தாள். முகம் முகமாக வரிசை கட்டி நின்றன. கரும்புக்காரர்கள், சூளைக்காரர்கள், அந்த ஆலத்தியூர்க்காரர். “இவங்கதாங்க” என்றாள். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்து அழித்தாள். கம்ப்யூட்டர் ‘நிச்சயமா?’ என்று கேட்டது, ஆமாம் என்று தட்டினாள். மெஷின் படித்து வைத்திருந்ததை அழித்தாள். அது இருந்த டிஸ்க்கையே துடைத்தெடுத்தாள். இழுப்பறையில் அந்தப் படங்களைப் பதிந்து வைத்திருந்த சிடிக்களை எடுத்து ஒவ்வொன்றாகத் தொடையில் வைத்து உடைத்தாள். டேப்புகளின் நாடாவை உருவிக் கத்தரித்தாள். அவள் அவசரப்படவில்லை. என்ன நடக்கிறது என்று அவர்களுக்குப் புரிவதற்குள் பாதி முடிந்திருந்தது. புரிந்தபோது முதலாளி அவள் கையைப் பிடிக்க வந்தார், அவள் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டார்.

“உங்க சாஃப்ட்வேரு உங்ககிட்டயே இருக்குதுங்க. பெங்களூர்லேருந்து எப்புடி வந்துச்சோ அப்புடியே இருக்குது. நான் சேத்ததை மட்டும் எடுத்துட்டேங்க.”

அவள் அப்பாவுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார்கள். அவர் லாரியிலிருந்து நேரே வந்திருந்தார், சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. முதலாளி அவரை உட்காரச் சொல்லவில்லை. அவரைவிடப் பதினைந்து இருபது வயது சின்னவர் முதலாளி.

“உன் பொண்ணு என்னா பண்ணிருக்குன்னு தெரியுமா உனக்கு? போலீசுக்குப் போனா என்னா ஆவும் தெரியுமா?”

அவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “சின்னப் புள்ளைங்க. தெரியாம பண்ணிடுச்சுங்க. மன்னிச்சுக்குங்க.”

“என்னைய எப்புடி வேணா பேசுங்க” என்று அவள் முதலாளியிடம் சொன்னாள். “எங்கப்பாவ நீங்கன்னு பேசுங்க.” பிறகு அப்பாவின் கக்கத்திலிருந்து துண்டை உருவி அவர் தோளில் போட்டாள். “தெரிஞ்சுதாம்பா பண்ணேன். வா, போலாம்.”

படியில் நான் பின்னாலேயே ஓடினேன். எனக்கு அவள் மேலும் கோபம். எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எத்தனை பஸ், வீங்கின மணிக்கட்டு. ஒரு பிரதியாவது எடுத்து ஒளித்து வைத்திருக்கக் கூடாதா?

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டிருந்தா வேணாம்னிருப்ப.”

“ஆமா.”

“அதான்” என்றாள். அவள் முகம் வீங்கியிருந்தது. அழுகிற மாதிரி இருந்தாள், அழவில்லை. அப்பாவும் மகளும் ரோட்டைக் கடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். அப்புறம் நான் அவளைப் பார்க்கவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் டிசைன் போடுகிறாள் என்றார்கள், கல்யாணமாகி கோயம்புத்தூர் போய்விட்டாள் என்றும் சொன்னார்கள். பெரம்பலூரில் அவளுக்கு வேறு யாரும் வேலை தரவில்லை என்பது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். முதலாளி தெரிந்த இடத்துக்கெல்லாம் சொல்லி வைத்துவிட்டார், அதையும் சத்தம் போடாமல்தான் செய்தார்.

விளம்பரக்காரர் விடவில்லை. படங்களை மறுபடி சேர்த்தால் பெங்களூர் மச்சினரே மெஷினைப் பழக்கிக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். அவள் போன பத்துப் பதினைந்து நாளில் முதலாளி என்னையும் தொகுப்பாளனையும் கேமராவோடு அனுப்பினார். பொம்பளை கூடப் போனால் பெண்கள் கூச்சப்படாமல் பேசுவார்கள் என்பது அவர் கணக்கு. போகிற இடத்தில் விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட்டு, வந்து வேலையை விட்டுவிடுவது என்று நினைத்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

வெங்காயக் களத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். போன தடவை எங்களுக்குச் சொம்பில் மோர் கொடுத்தவர்கள். இந்தத் தடவை எங்களைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருத்தி முந்தானையை இழுத்து முகத்தின் பாதியை மூடிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவளும் மூடிக்கொண்டாள். கேமரா இன்னும் பையிலேயே இருந்தது.

“அந்தப் பொண்ணு வந்து சொல்லிட்டுப் போச்சு” என்றாள் நடுவில் இருந்த ஒருத்தி. “போன படத்தையெல்லாம் அழிச்சுட்டேன், மன்னிச்சுக்குங்கன்னுச்சு. இனிமே எதுக்கு எடுக்க வருவாங்கன்னும் சொல்லுச்சு. களம் களமா போயி சொல்லிட்டு வருதாம்.”

நானும் அதைச் சொல்லத்தான் வந்தேன் என்றேன். அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். குனிந்து அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

தொகுப்பாளனுக்குப் பொறுக்கவில்லை. “அப்புடி இல்லம்மா. நீங்கல்லாம் பளிச்சுன்னு டிவில வருவீங்க” என்றான்.

அவள் அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

“வந்து?” என்று கேட்டாள்.